வடசென்னைப் பேச்சு ஆங்கிலத்துக்குப் போகும்போது

தமிழ்ப் புனைவின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டார வழக்கு என்றதும் கரிசலையும் கொங்கு நாட்டையும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிய பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பேச்சில் ஒரு துறைமுகத்தின் வரலாறே கிடக்கிறது. நைனா தெலுங்கு; நாஷ்டாவும் கலீஜும் உருது வழி வந்தவை; துட்டு டச்சுக்காரர்களின் காசு. கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, பாக்கியம் சங்கரின் ‘நான்காம் சுவர்’ போன்ற எழுத்துகளைத் தொடும் மொழிபெயர்ப்பாளர் இந்தக் கலப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொழில் சொற்களிலேயே சிக்கல் ஆரம்பித்துவிடும். கட்டுமரம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆனால் இன்றைய ஆங்கில வாசகருக்குக் ‘கேட்டமரன்’ என்றால் இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகு. மரங்களைக் கயிற்றால் பிணைத்து அலை தாண்டியவர்களின் கதையில் அந்தச் சொல்லை எழுதினால் கண்முன் வேறொரு கடல் விரியும். கட்டுமரம் என்றே விடுவதுதான் சரி. அதுபோல எண்ணூரின் தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் பஞ்சாயத்து உள்ள மீனவ ஊர்கள். குப்பத்தை ‘ஸ்லம்’ ஆக்கினால் ஊர் அழிந்து வறுமை மட்டும் மிஞ்சும்.

இவற்றைவிடக் கடினம், ஒருவரை ஒருவர் விளிக்கும் முறை. “வா நைனா”, “இன்னாபா சொல்ற” என்று ஒருமையில் பேசுவது இங்கே பல நேரம் நெருக்கம், சில நேரம் மரியாதையும்கூட. அதை முரட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கரகரப்பான பேச்சாக மாற்றினால், வலை பின்னுகிறவர்கூட ரவுடியாகிவிடுவார். வடசென்னை மனிதர்களுக்கு நம் சினிமா ஏற்கெனவே செய்த அநியாயம் அது.

ஜப்பானியப் புனைவிலும் இதே இழப்பு உண்டு. ‘வதாஷி’, ‘போகு’, ‘ஒரே’ என்று பேசுகிறவரின் வயதையும் தோரணையையும் காட்டும் தன்மைச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே ‘ஐ’ ஆகின்றன. முரகாமியை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர், மூலத்தில் இருந்த, இடையில் தொலைந்த மரியாதையை நீ, நீங்கள் என்று ஊகித்தே மீட்க வேண்டியிருக்கிறது.

வடசென்னைப் பேச்சை வெளிநாட்டவர் அதிகம் படித்தது நாவலில் அல்ல, படங்களின் துணைத்தலைப்பில் என்றே நினைக்கிறேன். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யின் ரங்கன் வாத்தியாரை எடுத்துக்கொள்வோம். குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர், பரம்பரையின் மானத்தைச் சுமப்பவர், பெற்றவருக்கு நிகரானவர். ‘கோச்’ என்றால் முதல் வேலை மட்டுமே நிற்கும். திரையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. புத்தகத்தில் இடம் இருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 2000இல் ஆங்கிலத்தில் வந்தபோது லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் தலைப்பைத் தமிழிலேயே விட்டார். வாசகர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். வாத்தியாரையும் நைனாவையும் அப்படியே விடலாம். நாலு பக்கம் படிப்பதற்குள் அவர்கள் யாரென்று காட்சியே சொல்லிவிடும்.