சும்மா இருக்கக் கற்ற கணினி

2011-ல் தமிழக அரசு தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. தாயில்பட்டி போன்ற பட்டாசு ஊர்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அடுத்த ஆண்டு மின்வெட்டு வாட்டியபோது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே பெரிய கேள்வி.

பேட்டரியை மிச்சப்படுத்த லினக்ஸ் செய்வதில் நான் மிகவும் ரசிப்பது, அது சும்மா இருக்கக் கற்ற விதம். முன்பு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதன் மையமான கர்னல் பிராசஸரைத் தட்டி எழுப்பும். 2007-ல் வந்த கர்னலின் 2.6.21 பதிப்பு, அடுத்த வேலை எப்போது என்று பார்த்து அதுவரை தூங்கவிட்டது. எவ்வளவு பரிவான யோசனை! அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட பவர்டாப், தூக்கத்தைக் கெடுக்கும் நிரல்களைப் பெயர் சொல்லிக் காட்டியது. மூலநிரல் திறந்திருந்ததால் தெரிந்தவர்கள் திருத்தினார்கள்.

பேட்டரி தீரும் முன் ஹைபர்னேட் செய்தால் ரேமில் உள்ளதெல்லாம் வட்டில் எழுதப்பட்டு, கணினி முழுதாக அணையும். பாதி தட்டச்சு செய்த வரியும் பத்திரம். சில மடிக்கணினிகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தி, பேட்டரியின் தேய்மானத்தைக் குறைக்கவும் லினக்ஸில் வழி உண்டு. வெயிலில் பேட்டரி சீக்கிரம் தேயும் நம் பக்கத்துக்கு, நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.