தேக்கா, தேக்கு மாதிரியா? சமையலறைக் கதவுகளைச் சோதித்தபோது

மாடுலர் கிச்சன் கடைகளில் மாதிரிப் பலகைகளை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தால், பாலிஷ் போட்ட தேக்கு வெனீர் எது, தேக்கு ரேகை அச்சடித்த லாமினேட் எது என்று சட்டெனச் சொல்ல முடியாது. விலையைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். அந்த விலை வித்தியாசத்துக்கு வீட்டில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதற்காக, ஒரே ஆசாரியிடம், ஒரே 18 மி.மீ. ப்ளைவுட்டில் இரண்டு சின்னக் கதவுகள் செய்து வாங்கினேன். ஒன்றில் தேக்கு வெனீர், மேலே பி.யூ. பாலிஷ். இன்னொன்றில் 1 மி.மீ. லாமினேட், ஆசாரி அதை இன்னும் சன்மைக்கா என்றுதான் சொல்கிறார். கூடவே அக்கா வீட்டில் வருஷக்கணக்காகப் புழங்கும் வெனீர் சமையலறையையும், எங்கள் வீட்டு லாமினேட் சமையலறையையும் கதவு கதவாகத் திறந்து பார்த்தேன்.

முதலில் சரக்கு என்ன என்று தெரிந்துகொள்வோம். வெனீர் அசல் மரம்தான், ஆனால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மரம். கடையில் 4 மி.மீ. என்று கொடுக்கும் ஷீட்டில் மேல்தோல் மட்டும் தேக்கு, அடியில் இருப்பது ப்ளைவுட். லாமினேட்டில் மரமே கிடையாது, எல்லாம் காகிதம். பினாலிக் பிசினில் தோய்த்த பழுப்புக் காகிதங்களை அடுக்கி, அதன் மேல் ரேகை அச்சிட்டு மெலமைன் பிசினில் ஊறவைத்த தாளைப் போட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிவிடுகிறார்கள். 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு பொறியாளர்கள் மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் போட ஒரு பொருளைத் தேடியபோது உருவான தொழில் இது. சமையலறைக்கு வந்ததெல்லாம் பிறகுதான்.

நம் ஊர்ச் சமையலறையில் முதல் சோதனை மஞ்சள்தான். மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு கதவிலும் தடவி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் துடைத்ததும் வழவழப்பான லாமினேட் புதுசு போல ஆகிவிட்டது. வெனீரும் முகப்பில் தாக்குப்பிடித்தது. ஆனால் கைப்பிடி திருகாணி இறங்கிய ஓட்டையைச் சுற்றி பாலிஷ் மெலிதாக இருந்திருக்கிறது. அங்கே மரத்தின் துளைகளுக்குள் மஞ்சள் இறங்கி ஒரு வளையமாக உட்கார்ந்துகொண்டது. பால்கனி வெயிலில் வைத்ததில் கொஞ்சம் வெளுத்ததே தவிர முழுக்கப் போகவில்லை. வெனீர் போடுகிறவர்கள் கைப்பிடிக்கான ஓட்டைகளைப் பாலிஷுக்கு முன்பே போடச் சொல்ல வேண்டும்.

மஞ்சளில் மோசமாகத் தோற்றது நான் எதிர்பார்க்காத ஒன்று. கடைக்காரர் பெருமையாக எடுத்துக் காட்டிய டெக்ஸ்சர் லாமினேட் துண்டு அது. அச்சிட்ட ரேகை எங்கெங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் பள்ளமும் ஓடும்படி அழுத்தியிருக்கிறார்கள். விரலால் தடவினால் மரத்தைத் தொட்ட மாதிரியே இருக்கிறது. அந்தப் பள்ளங்களில்தான் எண்ணெயும் மஞ்சளும் போய் அடைந்தன. துணியால் துடைத்தால் மேடு மட்டும் சுத்தமாகிறது. பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்த பிறகுதான் விட்டது. ஆக, போலி எவ்வளவு அசலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அழுக்கும் பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் இதைப் போடவே வேண்டாம்.

அடுத்தது நீரும் ஆவியும். இதில் முகப்பு எது என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. கதவு கெடுவது ஓரத்தில். எங்கள் வீட்டில் சிங்குக்குக் கீழே இருக்கும் கதவின் அடியோரத்தில் எட்ஜ் பேண்டிங் பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறது. நகத்தை விட்டால் உள்ளே ப்ளைவுட் கறுத்துப்போய் லேசாக உப்பியிருப்பது தெரிகிறது. லாமினேட்டின் முகமோ ஒரு கீறல் இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. அக்கா வீட்டில் ஓரத்துக்குத் தேக்கு பீடிங் அடித்திருக்கிறார்கள். அதே சிங்க் இடத்தில் பீடிங் நிற்கிறது, பாலிஷ் மட்டும் வெள்ளை பூத்துவிட்டது. "ஈரக் கையோட தொட்டா அன்னைக்கே துடைச்சிடணும்டா, இல்லேன்னா வெள்ளையாயிடும்" என்றாள் அக்கா. தினமும் அப்படித் துடைக்கிற வீடு எத்தனை இருக்கும் என்பது வேறு விஷயம்.

கீறலில் ஆட்டம் மாறுகிறது. இரும்பு நாரால் இரண்டையும் தேய்த்தால் வெனீரின் பாலிஷ் சீக்கிரமே கோடு வாங்குகிறது, லாமினேட் வெகுநேரம் அசரவில்லை. ஆனால் பட்ட காயத்தை ஆற்ற வெனீரால் முடியும். மெல்லிய உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டால் கதவு புதுசாகிவிடும். அரை மில்லிமீட்டர்தான் மரம் என்பதால் மெஷினை வைத்து அழுத்தினால் அடி ப்ளைவுட் பல்லைக் காட்டும். வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் தாங்காது. லாமினேட்டில் மூலை சிதறினால் உள்ளே இருக்கும் பழுப்புக் காகிதம் தெரியும், அதற்கு வைத்தியம் இல்லை. கதவையே மாற்றலாம் என்று போனால், அந்த டிசைன் நம்பர் இப்போது வருவதில்லை என்பார்கள். லாமினேட் போடுகிறவர்கள் ஒரு ஷீட் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

அழகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு மேல் அலமாரிகளில் ஒரு கதவில் இருக்கும் அதே முடிச்சு, தள்ளியிருக்கும் இன்னொரு கதவிலும் அதே உயரத்தில் இருக்கிறது. அச்சு என்றால் அப்படித்தான். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரியும். அக்கா வீட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக உள்ள டிராயர்களில் ஒரே மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடுகிறது. இது தானாக வந்துவிடாது. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய ஷீட்டுகளைக் கேட்டு வாங்கி, நம்பர் போட்டு, அந்த வரிசையிலேயே வெட்டச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அசல் தேக்கும் ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும். ரீகான் வெனீர் என்று இன்னொன்றும் விற்கிறார்கள். விலை குறைந்த மரத்தைச் சீவி, சாயமேற்றி, ஒட்டி, மறுபடி சீவியது. ரேகை எல்லா ஷீட்டிலும் ஒரே சீராக வரும். அந்தச் சீருக்காகத்தான் போவதென்றால் லாமினேட்டே போதும் என்பது என் கட்சி.

வெனீருக்கு வெயிலும் ஆகாது. அக்கா வீட்டு ஜன்னலோர உயர அலமாரியில் நாள்காட்டி தொங்கிய இடம் மட்டும் கட்டமாக வேறு நிறத்தில் நிற்கிறது. செலவிலும் ஷீட் விலையோடு கணக்கு முடிவதில்லை, பாலிஷ் கூலி தனி. வீட்டுக்குள்ளேயே பாலிஷ் அடித்தால் அந்த நெடி போகும்வரை சமையலைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

மூன்றாவதாக ஒன்றைக் கடைகளில் மலிவாகத் தள்ளப் பார்ப்பார்கள்: எம்.டி.எஃப். பலகை மேல் பி.வி.சி. தாளைச் சுருக்கி ஒட்டிய மெம்பிரேன் கதவு. அடுப்புச் சூட்டில் அந்தத் தாள் ஓரத்தில் உரிந்து வரும். சமையலறைக்கு அது வேண்டாம்.

என் முடிவு இதுதான். சிங்க், அடுப்பு, மேடைக்குக் கீழே உள்ள கதவுகள் எல்லாவற்றுக்கும் பள்ளமில்லாத மேட் லாமினேட். சாப்பாட்டு மேஜையைப் பார்த்து நிற்கும் உயர அலமாரிக்கும் கிராக்கரி அலமாரிக்கும், கையில் காசு இருந்தால், தேக்கு வெனீர். முழுச் சமையலறையையும் வெனீரில் இழைப்பது, தினமும் தாளிக்கிற வீட்டுக்குச் சரிவராது. மிச்சமாகும் பணம் உள்ளே இருக்கும் பெட்டிக்குப் போகட்டும். ஐ.எஸ். 710 தர ப்ளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடாததாக இருக்க வேண்டும் என்பது விதி. முகப்பு எதுவானாலும் அதுதான் சமையலறையைத் தாங்குகிறது. எதை ஒட்டினாலும் கதவின் பின்பக்கமும் அதே கனத்தில் ஒட்டப்பட வேண்டும், இல்லையென்றால் ஒரு மழைக்காலத்திலேயே கதவு வளைந்துவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ப்ளைவுட்டின் ஐ.எஸ். எண், லாமினேட்டின் கனமும் டிசைன் நம்பரும், எட்ஜ் பேண்டின் கனம் ஆகியவற்றைக் கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.