பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ்: ஒரு திருத்தம்

சென்ற ஆண்டு ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரையில் ‘இவர் பிளாங்க் வெர்ஸில் எழுதுகிறார்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. கவிஞர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். என் கிளையில்தான் கணக்கு. பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்தவர் கவுண்டரிலேயே கேட்டார்: ‘நான் எதை சார் காலியா விட்டேன்?’ பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்குப் பதில் வரவில்லை. திருவள்ளூரில் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது.

இரண்டையும் ‘யாப்பற்ற கவிதை’ என்ற ஒரே சட்டைக்குள் திணிக்கிற பழக்கம் எனக்கு மட்டும் உள்ளதல்ல. பிளாங்க் வெர்ஸில் யாப்பு உண்டு. ஐந்து சீர் கொண்ட ஆங்கில அடி அப்படியே நிற்கும். அடியிறுதி இயைபு மட்டும் இராது. 16ம் நூற்றாண்டில் வர்ஜிலை மொழிபெயர்த்த சர்ரே பிரபு தொடங்கி மார்லோ, ஷேக்ஸ்பியர் என்று வந்த வழி அது. பாங்க் பாஷையில் பிளாங்க் செக்: அச்சடித்த கட்டமெல்லாம் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, தொகை எழுதும் இடம்தான் காலி. ஃப்ரீ வெர்ஸ் செக்கே அல்ல, வெள்ளைத்தாள். கவுண்டரில் வாங்கமாட்டேன். கவிதையில் வாங்கலாம், எழுதியவனின் நாணயம் ஒன்றுதான் ஜாமீன்.

குழப்பத்துக்கு மில்டனும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667ல் வந்தது. மறு ஆண்டு அதில் சேர்த்த குறிப்பில், இயைபைக் கைவிட்டதைப் பழைய சுதந்திரத்தை மீட்டதாகவே பேசுகிறார். சுதந்திரம் என்றதும் நமக்கு ஃப்ரீ வெர்ஸ் நினைவு வந்துவிடுகிறது. அவர் விட்டது இயைபை, சீரை அல்ல. சீரையே விட்டவர் 1855ல் வந்த விட்மன்.

தமிழுக்கு இந்தக் காலியிடம் புதிதல்ல. ஆசிரியப்பாவில் அடியிறுதி இயைபு கட்டாயமில்லை. மோனை, எதுகை முதலிய எதுவும் அமையாமல் வருவதற்குச் செந்தொடை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சுந்தரம் பிள்ளை 1891ல் லிட்டனின் கதையைத் தழுவி ‘மனோன்மணீயம்’ எழுதியபோது பெரும்பாலும் அகவலை எடுத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியரின் அடிக்கு அதைவிட நெருங்கியது நம்மிடம் வேறில்லை. புதுக்கவிதையிலும் அது போய்விடவில்லை. ந. பிச்சமூர்த்தியை வாய்விட்டுப் படித்தால் பல இடங்களில் அகவல் ஓசை எட்டிப் பார்க்கிறது. எலியட் 1917ல் வாதாடியதும் ஏறக்குறைய இதுதான்: நல்ல ஃப்ரீ வெர்ஸின் பின்னால் ஏதோ ஒரு யாப்பு ஒளிந்து நிற்கும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் அந்தத் தொகுதியை மறுபடி, இந்தத் தடவை உரக்கப் படித்தேன். உலையைப் பற்றிய கவிதைகளில் வரிகளை எப்படி உடைத்திருந்தாலும் காதில் நாற்சீர்தான் விழுகிறது. ஆக, என் வாக்கியம் தற்செயலாகப் பாதி சரி. அவரிடம் சொன்னேன். ‘அப்ப நான் பழசுதானா சார்?’ என்றார். முகம் சுண்டிவிட்டது.

ஒரே ஒரு கவிதை விலக்கு. ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பது பற்றியது. அங்கே சீர் நிஜமாகவே அறுகிறது. தூக்கம் வரிக்கு நடுவில் வருகிறது. அந்தக் கவிதையைத்தான் மதிப்புரையில் ‘ஓசை தவறிவிட்டது’ என்று ஒதுக்கியிருந்தேன். அந்த வாக்கியத்தையும் சேர்த்து வாபஸ் வாங்குகிறேன்.