பானெட்டில் புடைப்பில்லாத டகோமா

டகோமா பிக்கப்பின் டிஆர்டி ஸ்போர்ட் வேரியன்ட்டையும் டிஆர்டி ஆஃப்-ரோடையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், முதல் பார்வையில் ஜெயிப்பது ஸ்போர்ட்தான். பானெட்டின் நடுவே ஏர் ஸ்கூப் வடிவில் மிடுக்கான ஒரு புடைப்பு. சக்கர வளைவுகளுக்கும் பாடியின் நிறமே. ஓர் அங்குலம் பெரிய அலாய் வீல். ஆஃப்-ரோடோ சமதளமான பானெட்டும், சக்கரங்களைச் சுற்றிச் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்குமாக, ஏதோ ஒன்றிரண்டு சாமான் குறைந்ததுபோல் நிற்கும். 3.5 லிட்டர் வி6 இன்ஜின், 278 குதிரைத்திறன், ஆறு கியர் எல்லாம் இரண்டுக்கும் பொது. விலையிலும் பெரிய இடைவெளி கிடையாது. டொயோட்டா டகோமாவின் மூன்றாம் தலைமுறையில், அதாவது அமெரிக்காவில் 2016 முதல் 2023 வரை விற்ற வண்டியில், எதை எடுப்பது என்று மனம் அல்லாடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். என் கை ஆஃப்-ரோடின் பக்கமே போகும். நின்று, குனிந்து, தேவைப்பட்டால் தரையில் படுத்துப் பார்க்கிறவர்களுக்காகவே அந்த வேரியன்ட்டைச் செய்திருக்கிறார்கள்.

ஸ்போர்ட்டின் பானெட் புடைப்பிலிருந்தே தொடங்கலாம். அதற்குள் காற்றுப் போக வழியில்லை. இன்ஜினுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. தோற்றத்துக்காக மட்டுமே வைத்தது. அழகு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில், வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும்போது, பானெட்டின் விளிம்பைத் தாண்டித் தெரியும் நாலடி மண்தான் ஓட்டுநருக்கு எல்லாம். சமதளமான பானெட் அந்த நாலடியை மறைக்காமல் விடுகிறது.

சக்கர வளைவுகளில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கிடையாது, மேலெல்லாம் பொடிப்பொடியான சொரசொரப்பு. கலிஃபோர்னியாவிலும் யூட்டாவிலும் காட்டுப்பாதையின் இருபுறமும் நிற்கும் முள் புதர்கள் வண்டியில் முதலில் உரசுவது இந்த இடத்தில்தான். நிறம் பூசிய வளைவில் ஒரு கீறல் விழுந்தாலும் வருஷக்கணக்கில் கண்ணை உறுத்தும். சொரசொரத்த பிளாஸ்டிக் கீறலைத் தனக்குள்ளேயே வாங்கி மறைத்துக்கொள்ளும். உரசல் வரும் என்பதை ஒத்துக்கொண்டு தேர்ந்த பொருள் இது.

கூட்டியதில் மட்டுமல்ல, குறைத்ததிலும் நயம் உண்டு. ஸ்போர்ட் போன்ற வேரியன்ட்டுகளில் முன் பம்பருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு தொங்கும். ஏர் டேம் என்பார்கள். நெடுஞ்சாலையில் காற்று வண்டியின் அடியில் புகாமல் ஒதுக்கி, கொஞ்சம் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது அதன் வேலை. ஆஃப்-ரோடில் அது கிடையாது. அது இல்லாததால், முன் சக்கரத்துக்கு முன்னால் வண்டி இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் கோணம் 29 டிகிரியிலிருந்து 32 டிகிரியாக உயர்கிறது. மூன்று டிகிரி காகிதத்தில் அற்பமாகத் தெரியும். ஒரு பாறையின் விளிம்பில் பம்பர் உரசுகிறதா, டயர் தொடுகிறதா என்பதைத் தீர்மானிப்பது அந்த மூன்று டிகிரிதான்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு டயரில் இருக்கிறது. ஸ்போர்ட்டுக்கு 265/65 ஆர்17. ஆஃப்-ரோடுக்கு 265/70 ஆர்16. அகலம் இரண்டிலும் 265 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம் என்றால் 172 மி.மீ., 70 சதவீதம் என்றால் 185 மி.மீ.க்குச் சற்று மேல். வீலின் விட்டத்தையும் சேர்த்துக் கூட்டினால் ஒரு டயரின் மொத்த உயரம் சுமார் 776 மி.மீ., மற்றது 777. கிட்டத்தட்ட ஒன்றேதான்! தரையிலிருந்து வண்டி நிற்கும் உயரத்தை டயர் மாற்றவில்லை. உலோகத்துக்கும் ரப்பருக்கும் இடையிலான பங்கீட்டைத்தான் மாற்றியிருக்கிறார்கள். சின்ன வீல் என்று கடைவாசலில் முகம் சுளிக்க வைப்பது, சுற்றிலும் 13 மி.மீ. கூடுதல் ரப்பரைத் தருகிறது. மண்பாதையில் டயரின் காற்றை இறக்கி ஓட்டும்போது அந்தக் கூடுதல் ரப்பர் கல்லின்மேல் வளைந்து அப்பிக்கொள்ளும். கூரான கல் வீலின் விளிம்பை எட்டுவதும் கடினம். தார்ச்சாலையில் வேகமாகத் திருப்பும்போது உயரமான பக்கச்சுவர் சற்று நெளியும் என்பது உண்மை. தினமும் நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஸ்போர்ட்டின் டயரும் அதன் இறுக்கமான சஸ்பென்ஷனும் நிச்சயம் சுகமாக இருக்கும். அவர் ஸ்போர்ட்டையே எடுக்கட்டும்.

ஆஃப்-ரோடின் ஷாக் அப்சார்பர் பில்ஸ்டைன். சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் பிரிக்கப்படாமல் ஒரே இடத்தில் இருக்கும். பாலைவனத்து மண்சாலையில் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். அதில் மைல்கணக்கில் ஓடும்போது பிஸ்டன் ஓயாமல் அடித்து, எண்ணெய் சூடாகி, நுரைத்துப்போகும். நுரை அதிர்வைத் தாங்காது. வண்டி மிதக்கத் தொடங்கும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. பில்ஸ்டைனில் ஒரே குழாய். அதன் கோடியில் அழுத்தி அடைத்த நைட்ரஜன், அதையும் எண்ணெயையும் பிரிக்க நடுவில் மிதக்கும் ஒரு தனி பிஸ்டன். வாயு எண்ணெயில் கலக்க வழியில்லை. குழாயின் வெளிச்சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடும் சீக்கிரம் இறங்குகிறது. பிரெஞ்சுக்காரர் பூர்சியே தெ கார்போனின் யோசனை இது. 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காகத் தயாரிக்கத் தொடங்கியது. சக்கரத்துக்குப் பின்னால், சேறு படியும் இருட்டில் இருக்கும் இந்தச் சாமானுக்கு வாங்குகிறவர் கொடுத்த காசு போயிருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய திருப்தி.

இனி டிஃப் லாக். பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல், வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்ற இடம்கொடுக்கிறது. அதே தாராளம்தான் சேற்றில் காலை வாரிவிடும். ஒரு சக்கரம் பிடியிழந்து அந்தரத்தில் சுழன்றால், அதைச் சுழற்றத் தேவையான சொற்ப விசை எவ்வளவோ அவ்வளவுதான் மண்ணில் ஊன்றி நிற்கும் மறு சக்கரத்துக்கும் போகும். வண்டி நகராது. ஸ்போர்ட் போன்றவை சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்துச் சமாளிக்கும். பல இடங்களில் அது போதும். ஆஃப்-ரோடில் ஒரு சின்ன மின்மோட்டார் பல் வைத்த வளையத்தைத் தள்ளி, இரண்டு அரை அச்சுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அதன் சுவிட்ச் டேஷ்போர்டில் இல்லை, தலைக்குமேல் கூரைப் பலகத்தில் இருக்கிறது. நாலு சக்கர ஓட்டத்தின் லோ கியரில் போட்ட பிறகுதான் வேலை செய்யும். அழுத்தியதும் மீட்டரில் விளக்கு மினுக்கும். பல்லும் பல்லும் பொருந்தும்வரை மினுக்கிக்கொண்டே இருக்கும். வண்டியை ஒரு சாண் நகர்த்தினால் பொருந்திவிடும், விளக்கு நிலைத்து எரியும். பூட்டிவிட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாத அந்த விளக்கின் நேர்மை எனக்குப் பிடிக்கும்.

மேல்படி வேரியன்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. லிமிடெட்டில் தோல் இருக்கையும் 18 அங்குல வீலும் கிடைக்கும். நகரத்துக்கு நல்ல வண்டி. டிஆர்டி ப்ரோவில் ஃபாக்ஸ் ஷாக்குகள், வருஷத்துக்கொரு தனி நிறம்: 2019இல் வூடூ ப்ளூ, 2020இல் ஆர்மி கிரீன், 2021இல் லூனார் ராக். ஃபாக்ஸ் ஷாக் பாலைவன வேகத்தில் பில்ஸ்டைனைவிடத் தேறியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ப்ரோவிலும் பானெட் புடைப்பு திரும்ப வந்துவிடுகிறது. அது எனக்கு உவப்பில்லை. டிஃப் லாக் ஆஃப்-ரோடிலேயே கிடைத்துவிடுகிறது. 2024இல் வந்த நான்காம் தலைமுறை 2.4 லிட்டர் டர்போவுக்கு மாறினாலும், ஆஃப்-ரோடு வேரியன்ட்டைப் பில்ஸ்டைனோடும் டிஃப் லாக்கோடும் அப்படியே வைத்திருக்கிறது.

வேரியன்ட்டைத் தேர்ந்த பிறகும் தேர்வு முடிவதில்லை. நாலு கதவுள்ள டபுள் கேபில், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி 5 அடி என்றால் வீல்பேஸ் 127.4 அங்குலம்; 6 அடி என்றால் 140.6. இந்தப் பதின்மூன்று அங்குலம் பாறை முகட்டைத் தாண்டும்போது வண்டியின் வயிற்றில் தெரியும். ஆகவே 5 அடி. ஆட்டோமேட்டிக்கில்தான் கிரால் கன்ட்ரோல் வரும், கால் வைக்காமலே வண்டி தானாக ஊர்ந்து ஏறும். மேனுவலில் அது இல்லை, டிஃப் லாக் மட்டும் உண்டு. அதற்குப் பதிலாக மேனுவலில் டேஷ்போர்டின் இடப்பக்கம் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்: கிளட்சை மிதிக்காமலே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய. செங்குத்துப் பாறையில் இன்ஜின் நின்றுபோனால், கிளட்சை மிதித்த கணம் வண்டி பின்னால் உருளும். இந்தப் பொத்தானை அழுத்தி, லோ ரேஞ்சில் முதல் கியரிலேயே சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பிவிடும். நான் எடுப்பதானால் மேனுவல்தான்.