ஒரு நிமிட நடனமும் பாரிஸ் வீதியும்

2015 ஜனவரி 7இல் பாரிஸில் சார்லி ஹெப்டோ இதழின் மீது நடந்த தாக்குதலில் 12 பேர் உயிரிழந்தனர். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 14இல், நடனக் கலைஞர் நாதியா வதோரி-கோத்தியே நாள்தோறும் ஒரு நிமிடம் தனியே ஆடி, அதனைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். மேடையுமில்லை, கட்டணமுமில்லை, பெரும்பாலும் நகரின் பொதுவிடங்களே அரங்கு.

மாண்டோர்க்காக ஒரு நிமிடம் அசைவற்று நிற்பது அரசுகளின் மரபு. இவர் அந்த ஒரு நிமிடத்தை அசைவால் நிரப்பினார். தனித்தனியே நோக்கின் இந்நடனங்களுட் பல மிக எளியவை. இவற்றின் பெறுமதி இடையறாத் தொடர்ச்சியில் இருக்கிறது. ஆடுபவரைவிட, வியந்தும் விலகியும் கடந்துசெல்லும் அந்நியரின் முகங்களே நமக்கு மிகுதியாக உணர்த்துகின்றன.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அதே வீதியில் முகத்திரையுடன் நடக்கும் பெண்ணுக்கு 150 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். வழக்கத்திற்கு மாறாகப் பொதுவெளியில் தோன்றுதல் ஒருத்திக்குக் கலையாகிறது, மற்றொருத்திக்குக் குற்றமாகிறது. இம்முரணுக்கு அக்கலைஞர் பொறுப்பல்லர். ஆயினும் அதனைக் கருதாது இந்நடனத்தைச் சுதந்திரத்தின் அடையாளமெனப் புகழ்வோரின் திறனாய்வு பாதி வீதியை மட்டுமே கண்டதாகும்.