படத்தைக் காட்டாத காணொளி

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டுகள் 2023இல் 'மலையகம் 200' என நினைவுகூரப்பட்டதிலிருந்து, தோட்ட வாழ்வைப் பேசும் ஓவியங்களுக்கும் நிறுவல்களுக்கும் கொழும்புக் கலைக்கூடங்களில் நல்ல கவனம் கிடைக்கிறது. கூடவே ஒரு வாதமும் வலுத்துவிட்டது. கண்காட்சிக்கு வர முடியாதவர்களைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம், காணொளி இருக்கிறது. யட்டியாந்தோட்டை லயத்தில் இருப்பவரும் இறக்குவானை டிவிசனில் இருப்பவரும் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். கலை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையல்ல.

காணொளியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரத்தினபுரியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். டிவிசனிலிருந்து இறங்கி, பஸ் மாறிப் போய்த் திரும்பினால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். 2024இல் வர்த்தமானி நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது; அந்த ஒரு பேர் சின்ன விஷயமல்ல. 2019 டிசம்பரில் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் சில மாதங்களிலேயே பெருந்தொற்றால் கதவடைக்க நேர்ந்தது. அதே காலத்தில் இத்தாலியின் உஃபிஸி கலைக்கூடம் டிக்டொக்கில் இறங்கி இளைஞர்களைத் தன் பக்கம் இழுத்தது. மூடிய கதவுக்கு வெளியே நிற்பவருக்குக் காணொளி ஒரு ஜன்னல்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஓவியத்துக்கு உண்மையாக நடந்துகொள்ளக் கமெராவுக்குத் தெரியும் என்பதற்கும் சான்று உண்டு. பார்வையை இழந்த தன் ஆசிரியர் வினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றிச் சத்யஜித் ரே 1972இல் எடுத்த இருபது நிமிட ஆவணப்படத்தைப் பாருங்கள். முகர்ஜி வரைந்த நீண்ட சுருள் ஓவியங்களின் மேல் கமெரா அவசரமின்றி நகர்கிறது. சுருள் ஓவியம் விரிந்து விரிந்து பார்க்கப்பட வேண்டியது. அதன் நடையை அறிந்து கமெராவும் கூடவே நடக்கிறது. படத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்க்க வைக்கிறது.

நம் கலைக்கூடங்கள் வெளியிடும் விளம்பரக் காணொளிகளில் நான் காண்பது இதற்கு நேர் எதிரானது. முதலில் ட்ரோனில் இருந்து பனி மூடிய தேயிலை மலை. கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களையோ, விடியும் முன் பால் வெட்டப் போகிறவரையோ காணக் கிடைக்காது. மலையகம் என்றால் பச்சைத் தேயிலைச் சரிவு என்று முடிவாகிவிட்டது. பிறகு திறப்பு விழா, குத்துவிளக்கு, வந்திருந்த பிரமுகர்கள், கையில் கிளாஸ், சிரிப்பு. கலைஞர் ஆங்கிலத்தில் இரண்டு வசனம். பின்னணியில் வயலின். இடையிடையே சுவரில் தொங்கும் படங்கள், ஒவ்வொன்றும் ஓரிரு விநாடி, அதுவும் பக்கவாட்டில் நழுவிப் போகும் பார்வையில்.

ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் பாவித்த தேயிலைப் பைகளையும் தேத்தண்ணி வடிகளையும் கொண்டு கலை செய்பவர். அப்படியொரு படைப்பின் உயிர் எங்கே இருக்கிறது? சாயம் ஊறிக் காய்ந்த கறையில். விளிம்பில் கறுத்தும் நடுவில் வெளுத்தும் அது படிந்திருக்கும் விதத்தில். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பையின் அளவில். கைத்தொலைபேசித் திரையிலோ ஆறடிச் சுவரோவியமும் ஒரு தேயிலைப் பையும் ஒரே அளவு. இந்தக் கலைக்கு உயிரே அது செய்யப்பட்ட பொருள்தான் என்னும்போது, அதை இரண்டு விநாடி காட்டுவது காட்டாமல் விடுவதற்குச் சமம்.

இந்த வகைப் படைப்புகளைக் காட்டும் காணொளி ஒன்றைக் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுடன் உட்கார்ந்து பார்த்தேன். தேயிலைப் பை திரையில் வந்ததும் நிறுத்தப் பார்த்தார். விரல் படுவதற்குள் காட்சி மாறிவிட்டது. பின்னால் இழுத்து, மறுபடி நிறுத்தினார். இம்முறை நின்றது, ஆனால் நிறுத்தும் குறி சரியாகப் படத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. "படத்தையே காட்ட மாட்றாங்களே தம்பி, வந்தவங்களத்தான் காட்றாங்க" என்றார். அந்தக் கறையைப் பார்த்து, எந்தச் சாயம், எத்தனை தரம் ஊற வைத்தது என்று சொல்லக்கூடியவர் அவர். கொழும்பில் அந்தக் கண்காட்சிக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கண் இருந்திருக்கும்? இந்தக் கலையை ஆழமாக வாசிக்கக்கூடிய ஒருவரிடமிருந்து அந்த வாசிப்பைப் பறித்தது தூரமல்ல, படத்தொகுப்பு.

என் நீண்டகால ஆட்சேபம் இதுதான். ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பது பார்ப்பவரின் உரிமை. காணொளி அந்த உரிமையைத் தொகுப்பாளரிடம் கொடுத்துவிடுகிறது. ஜோன் பேர்ஜர் 1972இல் பிபிசி தொடரில், கமெரா ஓர் ஓவியத்தைத் துண்டுதுண்டாகக் காட்டும்போது அதன் பொருளே மாறுவதைச் செய்து காட்டி, தன் நிகழ்ச்சியையே சந்தேகத்தோடு பார்க்கும்படி நேயர்களிடம் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நம் கூடங்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. கொழும்பில் வசிப்பவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. காணொளி பிடித்தால் நாளை நேரில் போவார், அவருக்கு அது அழைப்பிதழ். தெரணியகலையில் இருப்பவருக்கு அதுவேதான் கண்காட்சி. வேறொன்று அவருக்கு வரப்போவதில்லை. ஆகவே அவருக்கு அழைப்பிதழை மட்டும் அனுப்பிவிட்டு விருந்து படைத்ததாகச் சொல்ல முடியாது.

இன்றைய ஆட்களுக்குப் பொறுமையில்லை, நீளமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார்கள். தோட்டத்துக் காமன் கூத்தும் கோயில் திருவிழாவும் பேஸ்புக் நேரலையில் போகும்போது என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை போலும். ஒரு தூணருகே நிறுத்திய போன், ஒரே கோணம், வெட்டு இல்லை, இசைச் சேர்க்கை இல்லை. கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அதை மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். தனக்குரியது என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். டேட்டா தீர்ந்தால் ரீலோட் போட்டும் பார்ப்பார்கள்.

பார்வை எண்ணிக்கையைக் காட்டி வாயடைப்பவர்களுக்கு ஒன்று. பேஸ்புக் நெடுங்காலம் மூன்று விநாடி ஓடினாலே அதைப் பார்வை என்று கணக்கிட்டது. யூடியூப் தன் ஷோர்ட்ஸ் காணொளிகளுக்கு 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறது. பத்தாயிரம் பார்வை என்றால் பத்தாயிரம் தடவை ஓடத் தொடங்கியது என்றுதான் அர்த்தம். கலை பத்தாயிரம் பேரைச் சென்றடைந்தது என்று அதற்குப் பொருள் சொல்வது நிதி கொடுப்பவரையும் கலைஞரையும் ஏமாற்றுவதாகும்.

செய்ய வேண்டியது செலவு பிடிக்கும் காரியமுமல்ல. ஒரு படைப்பு, நிலையாக நிற்கும் கமெரா, மூன்று நிமிடம். அளவு தெரியப் பக்கத்தில் கலைஞரின் கை. லயத்தில் பேசும் தமிழிலேயே அவர் குரல். பிறகு, அசல் படைப்புகளில் சிலவற்றையாவது பெட்டியில் வைத்து, தெஹியோவிட்டையிலோ பலாங்கொடையிலோ ஒரு தோட்டப் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில். அந்த ஞாயிறுக்குக் காணொளி அழைப்பாக இருக்கட்டும், மனதாரப் பகிர்கிறேன். அது நடக்கும்வரை, கலை தோட்டத்துக்குப் போய்விட்டது என்று எந்தக் கூடமும் தன் ஆண்டறிக்கையில் எழுதக் கூடாது.