‘லேட்டஸ்ட்’ யார் சொல்லி லேட்டஸ்ட்?

எந்த மென்பொருளும் தனி ஒருவனின் பிரதி இல்லை. பத்து வரி நிரல் எழுதுகிறவனும் ஊர் பேர் தெரியாத பலர் எழுதிவைத்த நிரல்களைச் சார்ந்துதான் எழுதுகிறான். அந்தச் சார்பு நிரல்களைத் தேடி இழுத்துவந்து கோர்த்துத் தருவதற்குக் கருவிகள் இருக்கின்றன. ‘எது புதுசோ அதைக் கொடு’ன்னு சொல்லிட்டா போதும், அது பார்த்துக்கும் என்பது பொதுப்புத்தி. புதுசு என்பது ஏதோ இயற்கை உண்மை மாதிரி.

ஒரு நிரலின் 1.5ஆம் பதிப்பை ஒரு பகுதி கேட்கிறது, 1.2ஐ இன்னொரு பகுதி கேட்கிறது, வெளியே 1.9 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேவன், சார்பு மரத்தில் வேருக்குக் கிட்டத்தில் இருப்பவர் கேட்டதைத் தரும், அது 1.2 ஆனாலும் சரி. கிராடில், கேட்கப்பட்டவற்றில் பெரிய எண்ணான 1.5ஐத் தரும். ‘கோ’ மொழியின் கருவியும் 1.5தான்; யாரும் கேட்காத 1.9ஐத் தொடாது. என்பிஎம்மில் எண்ணுக்கு முன் ஒரு தொப்பிக்குறி இருந்து, பதிப்பைப் பூட்டாமல் விட்டால் 1.9 வந்து இறங்கும். அங்கே ‘லேட்டஸ்ட்’ என்பதே வெளியிடுபவர் ஒட்டுகிற ஒரு சீட்டு. கேள்வி ஒன்று, பதில் மூன்று. யார் பேச்சு செல்லும் என்ற அதிகாரத் தீர்மானம் ஒவ்வொரு கருவிக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

2022 ஜனவரியில் ‘கலர்ஸ்’ என்ற சின்ன நிரலை எழுதியவர் அதன் புதிய பதிப்பில் முடிவில்லாத சுழல் ஒன்றை வேண்டுமென்றே வைத்தார். பெரிய கம்பெனிகள் தன் உழைப்பை ஓசியில் தின்கின்றன என்று 2020லேயே கோபப்பட்டவர் அவர். பூட்டாதவர்களின் கருவிகள் மறுபேச்சில்லாமல் அதை இழுத்துவந்தன. அந்தக் கோபத்தைப் படிக்க எந்தக் கருவிக்கும் தெரியாது.

அப்போ பூட்டிட்டா தப்பிச்சோமா? 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ நிரலில் பெரிய ஓட்டை வெளிவந்தது. பழைய பதிப்பைப் பூட்டிவைத்தவர்கள் ஓட்டையையும் சேர்த்தே பூட்டியிருந்தார்கள். அதை அடைத்தவர்களில் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

ஆக, புதுசா பழசா என்பது பொய்ச் சண்டை. பூட்டு வேண்டும், எப்போது திறப்பது என்று மாற்றத்தைப் படித்துப் பார்த்துச் சொல்ல ஆளும் வேண்டும். அந்த வாசிப்பும் உழைப்புதான். அதற்குக் கூலி கொடுக்க மனசில்லாத இடத்தில்தான் ‘லேட்டஸ்ட்’ என்ற சொல் ஆளுக்குப் பதிலாக வேலை பார்க்கிறது.